ரேஷன் கார்டு மகன் பேரில், காலில் ஆறாத புண், மகளுக்குச் சான்று இல்லை: எதிலிருந்து தொடங்குவது?

மேல்புறத்துக்காரி

விளவங்கோடு தாலுகா, மேல்புறம் பக்கம் ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். எங்க மகளிர் குழு வழியா வந்த விஷயம்.

அம்மாவுக்கு 66 வயசு, விதவை. அண்டி ஆபீசில (முந்திரி ஆலை) இருபது வருஷத்துக்கு மேல அண்டி தல்லினவங்க (முந்திரிக்கொட்டை உடைக்கற வேலை), இப்ப வேலைக்குப் போக முடியல. சுகர் உண்டு. இடது கால் பெருவிரலுக்கு அடியில புண், மூணு வாரமா ஆறாம நிக்குது. கூட இருக்கது 37 வயசு மகள். பிறவியிலேயே மனவளர்ச்சி குறைவு, ஆனா இதுவரை ஒரு சான்றும் எடுத்ததில்ல. மகன் கல்யாணம் கழிஞ்சு கேரளத்திலேயே தங்கிட்டார், பணம் அனுப்புறதில்ல. ஆனா ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர் இன்னும் அவர்தான்.

ஓஏபி (முதியோர் உதவித்தொகை) ஒரு தடவை போட்டு, மகன் ஆதரவு உண்டுன்னு எழுதித் தள்ளிட்டாங்க. காப்பீட்டு அட்டை இல்ல. ஆதார்ல இருக்க போன் நம்பரும் மகனோடது. விரல் ரேகையும் மெஷின்ல விழல. வீட்டுக்காரர் இறந்து பதினெட்டு வருஷம், இறப்புச் சான்று எடுக்கல.

காப்பீட்டு அட்டை இல்லாம ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில சேர்ப்பாங்களா? திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போலாம்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றாங்க. இதுல எதை முதல்ல பிடிக்கணும்?

வார்டு_மேசை

காலை முதலில் பாருங்கள். காகிதம் எல்லாம் அதற்குப் பிறகு.

அரசு மருத்துவமனையில் ஓபி பார்க்கவோ உள்நோயாளியாகச் சேரவோ காப்பீட்டு அட்டை தேவையில்லை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அப்படித்தான், தக்கலையிலும் குழித்துறையிலும் அப்படித்தான். அட்டை இல்லை என்று வீட்டிலேயே வைத்திருந்து, விரல் கறுத்த பிறகு கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். வலி இல்லை என்பது நல்ல அறிகுறி அல்ல. நாற்றம், சுற்றிலும் சிவப்பு அல்லது கறுப்பு, காய்ச்சல், புண்ணிலிருந்து மேலே ஏறும் வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக் காலை ஓபிக்குக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை சுத்தமான துணியால் மூடி வைத்தால் போதும். பச்சிலை, மஞ்சள், பற்பசை எதுவும் வைக்க வேண்டாம். வெறுங்காலில் நடக்கக் கூடாது, அந்தக் காலை ஊன்றவும் கூடாது.

அப்படி அவசரம் இல்லையென்றால் குழித்துறை அரசு மருத்துவமனையில் காட்டி, ரெஃபரல் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு ஆசாரிபள்ளம் அறுவைசிகிச்சை ஓபிக்குப் போகலாம். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையை (காலியானாலும் சரி) கையோடு கொண்டு போங்கள். "வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்ச மாத்திரை ஒண்ணு" என்று சொன்னால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

சேர்க்கச் சொன்னால் இரண்டு சிக்கல் வரும். பெண்கள் வார்டில் கூட இருக்க ஒரு பெண் வேண்டும். அம்மா படுத்துவிட்டால் மகளை யார் பார்ப்பது? இதற்கு வழி செய்யாமல் போனால் இரண்டாம் நாளே சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். குழுவில் முறை வைத்து ஆள் போடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு தனியார் மருத்துவமனையில் சேரும்போதும், அரசு மருத்துவமனையில் செலவு கூடிய சிகிச்சை வரும்போதும் கை கொடுக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருடம் 5 லட்சம் வரை, அதுவும் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும். பட்டியலில் இல்லாத சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனை பணம் கேட்டால் அது மோசடி ஆகாது. பட்டியலில் உள்ளதற்கு முன்பணம் கேட்டால்தான் புகார். அதற்கு 1800 425 3993. பேசும்போதே புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரம்: மேற்குப் பக்கத்து ஆட்களுக்கு அது பழகின இடம், மறுக்கவில்லை. ஆனால் கேரள அரசின் காப்பீடு அந்த மாநிலக் குடும்பங்களுக்குத்தான். நம்முடைய அட்டை அங்கே தானாகச் செல்லாது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பட்டியலில் பெயர் உள்ள குடும்பத்துக்கு மட்டும் வெளிமாநிலத்தில் இணைப்புள்ள மருத்துவமனையில் பயன்படுத்த வழி உண்டு. பெயர் இருக்கிறதா என்று 14555-இல் கேட்கலாம். அது தெரியாமல் போனால் பரிசோதனை, மருந்து, கட்டுத்துணி எல்லாம் கைக்காசு. இந்தக் கால் புண்ணுக்கு ஆசாரிபள்ளமே போதும்.

வீடு திரும்பிய பிறகு டிஸ்சார்ஜ் சீட்டை உங்கள் ஊர் துணை சுகாதார நிலைய நர்ஸிடம் காட்டி, மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டு தருவார். இன்சுலின் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கிராமக்கணக்கு

மருத்துவம் பற்றி மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். காகிதத்துக்கு வருவோம்.

இந்தக் குடும்பத்தின் எல்லா மனுவும் ஒரே இடத்தில்தான் முட்டும், ரேஷன் கார்டில். அதில் மகன் பெயர் இருக்கிற வரை விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) வருமானம் எழுதும்போது அவர் சம்பாத்தியத்தையும் சேர்த்துத்தான் எழுதுவார். காப்பீட்டுக்கும் குடும்பம் என்றால் அந்தக் கார்டில் உள்ளவர்கள்தான். ஓஏபி விசாரணைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். போன மனு தள்ளுபடி ஆனதில் ஆச்சரியம் இல்லை. கார்டைச் சரி செய்யாமல் மறுபடி போட்டால் மறுபடியும் அதே பதில்தான் வரும்.

புதுக் கார்டுக்குப் போகாதீர்கள். அம்மாவையும் மகளையும் நீக்கிப் புதிதாக விண்ணப்பித்தால் இடையில் இருவருக்கும் கார்டே இல்லாத காலம் ஒன்று வரும். அரிசியும் நிற்கும், மற்ற மனுக்களும் நிற்கும். அதைவிட, இருக்கிற கார்டிலேயே குடும்பத் தலைவரை அம்மா பேருக்கு மாற்றி, பிறகு மகன் பெயரை நீக்குங்கள். தலைவராக இருக்கிறவரை அப்படியே நீக்க முடியாது, வரிசை முக்கியம்.

சிக்கல் ஓடிபி. கார்டில் பதிவான எண் மகனுடையது என்றால் ஓடிபி அவருக்குத்தான் போகும். மகனிடம் சண்டைக்குப் போகாமல் ஒன்று சொல்லிப் பாருங்கள்: அவருடைய ஆதார் இங்கே ஒரு கார்டில் இருக்கும்வரை கேரளத்தில் அவர் பெயரில் கார்டு கிடைப்பது கஷ்டம். இங்கே நீக்கினால் அவருக்கும் லாபம். பெரும்பாலும் இதற்கு மசிவார்கள். ஒத்துவரவில்லையென்றால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் இதற்கு நல்ல இடம். பெயர் நீக்கம், தலைவர் மாற்றம், போன் எண் மாற்றம் மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். மகன் வெளிமாநிலத்தில் குடியிருக்கிறார் என்பதற்கு வார்டு உறுப்பினர் கடிதமோ கல்யாணப் பதிவு நகலோ இருந்தால் வையுங்கள்.

அதற்கு முன்னால் ஆதார். போன் எண் மாற்ற நிரந்தர ஆதார் மையத்துக்கு ஆளை நேரில் கூட்டிப் போங்கள். அண்டி தல்லுகிறவர்களுக்குத் தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் தோல் வெந்து உரிந்து ரேகையே இருக்காது. ரப்பர் பால் வெட்டுகிறவர்களிலும் சிலருக்கு இந்தத் தொல்லை உண்டு. மையத்தில் விரலை மட்டும் நாலு தடவை வைத்துவிட்டு "விழல, போயிட்டு வாங்க" என்பார்கள். கண் கருவிழிப் பதிவு வைத்துச் செய்யுங்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும். ரேஷன் கடையிலும் கருவிழிக் கருவியைக் கேளுங்கள். நடக்கவே முடியாத நிலை என்றால் வீட்டுக்கு வந்து பதியும் ஏற்பாடு பற்றி 1947-இல் கேட்கலாம்.

அங்கேயே பெயரையும் பார்த்துவிடுங்கள். நம்ம பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. ஆதாரில் "மேரி ஞானம்மாள்", கார்டில் "ஞானம்", பாஸ்புக்கில் கணவர் பெயரோடு "ஞானம்மாள்" என்றிருந்தால் மனு எங்காவது ஓரிடத்தில் நிற்கும். ஆதாரில் பெயர் மாற்ற இரண்டு வாய்ப்புதான், பிறந்த தேதிக்கு ஒரே வாய்ப்பு. ஆகவே ஆதாரை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்குச் சரியாக மாற்றுவதுதான் புத்தி.

கார்டு சரியானதும் இசேவையில் வருமானச் சான்று, கட்டணம் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாலுகா அலுவலகம் போய் வரும். அதோடு கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் பதிந்தால் எண் கிடைத்துவிடும். பிளாஸ்டிக் அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம், எண் போதும்.

பிறகு ஓஏபி. விதவை உதவித்தொகையா முதியோர் உதவித்தொகையா என்று குழம்ப வேண்டாம், 2023 ஆகஸ்டிலிருந்து இரண்டும் 1,200 ரூபாய்தான். விதவை என்று போட்டால் கணவரின் இறப்புச் சான்று கேட்பார்கள். பதியாத பழைய இறப்பைப் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வரைக்கும் போக வேண்டும். 60 தாண்டியவருக்கு அந்த அலைச்சல் எதற்கு? முதியோர் என்றே போடுங்கள். வீடு, நிலம் மதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையில் நம்ம மாவட்டத்தில் நிறையப் பேர் அடிபடுகிறார்கள், இங்கே சென்ட் விலை அப்படி. வீடு யார் பேரில் இருக்கிறது?

மேல்புறத்துக்காரி

ரொம்ப நன்றி. நாளைக்கே குழித்துறை கொண்டு போறோம், கூட இருக்க ரெண்டு அக்காமாரு முறை வச்சிருக்காங்க. வீடு நாலு சென்ட், மகன் பேருக்கு அம்மாவே எழுதிக் கொடுத்துட்டாங்க, பத்து வருஷம் ஆகுது. மகளுக்கு என்ன செய்யலாம்? சான்று எடுக்க நாகர்கோவில் வரை கூட்டிட்டுப் போறதே பெரிய பாடு, பஸ்ல பயந்து கத்துவா.

சாய்தளம்

மகள் விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இந்த வீட்டுக்கு வரக்கூடியதில் பெரிய மாதத் தொகை அவள் பேரில்தான். மனவளர்ச்சி குறைவு 40 சதவீதத்துக்கு மேல் சான்றானால் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிலிருந்து மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. தாசில்தார் அலுவலகம் வழியாக வரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 1,500 ரூபாய், அது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம், 2,000-ஐ மட்டும் கேளுங்கள். ரேஷன் கார்டு மாறும்வரை இதற்குக் காத்திருக்கவும் வேண்டாம், இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம்.

முதலில் யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இணையதளத்தில் விண்ணப்பம், அதிலேயே மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று போதும். ஆசாரிபள்ளத்தில் மனநலப் பிரிவில் எந்தக் கிழமை சான்றுக்குப் பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். உளவியலாளர் இல்லாத நாளில் போனால் ஒரு நாள் கூலியும் வண்டிக்காசும் வீண்.

மதிப்பீட்டில் புத்திக்கூர்மைத் தேர்வோடு அன்றாடம் தானாக என்ன செய்கிறாள் என்பதையும் அம்மாவிடம் கேட்பார்கள். லேசான குறைவுக்கு 50, நடுத்தரத்துக்கு 75, கடுமைக்கு 90, மிகக் கடுமைக்கு 100 சதவீதம் என்று அரசாணை அளவு. குழப்பம் வருவது இங்கேதான். அம்மாமார் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "வீட்டு வேலை செய்வாளா?" என்றால் "எல்லாம் செய்வா சாரே" என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் செய்வது என்ன? முற்றம் தூப்பாள் (பெருக்குவாள்), ஆனால் யாராவது நிறுத்தச் சொல்லும்வரை அதே இடத்தைத் தூத்துக்கொண்டிருப்பாள். குளிப்பாள், ஆனால் தண்ணீர் கோரி வைத்துச் சோப்பையும் கையில் கொடுக்க வேண்டும். போவதற்கு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: ஜாக்கெட் ஊக்குப் போடத் தெரியுமா, மாதவிலக்கின்போது தானே பார்த்துக்கொள்வாளா, நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கி மிச்சம் எண்ணுவாளா, தனியே கடைக்குப் போனால் திரும்பி வருவாளா, அடுப்பைப் பற்ற வைக்கலாமா, வலிப்பு வந்ததுண்டா, எந்த வயதில் நடந்தாள், பேசினாள். பள்ளிக்குப் போனாளா, எந்த வகுப்போடு நின்றாள் என்பதற்குப் பள்ளிக் காகிதம் இருந்தால் அது பெரிய உதவி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பஸ் பயம் பற்றி: சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காசு கவலை இல்லை. மருத்துவமனை நாளுக்கு முன் மார்த்தாண்டம் வரை ஒரு தடவை, தக்கலை வரை ஒரு தடவை, கூட்டமில்லாத மதிய நேரத்தில் சும்மா கூட்டிப் போய் வந்தால் பழகும். வட்டார அளவில் சான்று முகாம் போடும்போது கிட்டத்திலேயே முடியும். தேதியை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

சான்று வந்த பிறகு வங்கிக் கணக்கு. 18 தாண்டியவர் என்பதால் பாதுகாவலர் சான்று கேட்பார்கள். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் குழு இருக்கிறது, அது தரும் சான்றை வங்கி ஏற்க வேண்டும். விண்ணப்பத்தில் அம்மாவைப் பாதுகாவலராகப் போடும்போதே, அம்மாவுக்குப் பிறகு யார் என்ற பேச்சையும் குடும்பத்தில் தொடங்குங்கள். 66 வயது, சர்க்கரை, கால் புண். இதைக் கேட்க யாருக்கும் மனம் வராது, ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடம் ஒரு லட்சம் வரை. அதில் வெளிநோயாளிச் செலவும் உண்டு என்பதுதான் அதன் அருமை.

குமாஸ்தா_தக்கலை

வீட்டை எழுதிக் கொடுத்தது ஒரு வகையில் நல்லது (சொத்து வரம்பு இடிக்காது), இன்னொரு வகையில் ஆபத்து. பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்க்கவில்லையென்றால் செல்லாததாக அறிவிக்கக் கேட்கலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனை வார்த்தை இருக்கிறதா, "ஆயுள்காலம் வரை குடியிருக்கும் உரிமை" என்று ஏதும் இருக்கிறதா? அதைப் பொறுத்து நிறைய மாறும்.

அதே சட்டத்தில் மகனிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். விளவங்கோடு, பத்மநாபபுரம் கோட்டத்தில் வருவதால் மனு அங்குள்ள சார் ஆட்சியரிடம். வக்கீல் தேவையில்லை. மகன் வெளிமாநிலத்தில் இருந்தாலும் அம்மா குடியிருக்கும் இடத்தில் மனு நிற்கும்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். மகன் மாதம் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டால், ஓஏபி விசாரணையில் அதையே காட்டி ஆதரவு உண்டு என்று எழுத வாய்ப்பு இருக்கிறது. அவர் கொடுக்காமல் இருந்தால் இரண்டும் போச்சு. மகனுக்கு உண்மையிலேயே வருமானம் இருந்தால் பராமரிப்பு மனு, அவரே கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் ஓஏபி. அம்மாவுக்கு மகன் மேல் மனு கொடுக்க விருப்பமா என்பதையும் அவரிடம் தனியாகக் கேளுங்கள், குழுவில் வைத்து அல்ல.

இன்னொன்று யாரும் கேட்கவில்லை: அண்டி ஆபீசில் இருபது வருஷம் என்றால் பிஎஃப் பிடித்தார்களா? பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதிலிருந்து ஓய்வூதியம் உண்டு, குறைந்தது மாதம் 1,000. பருவகால ஆலை என்ற வகையில் இருந்தால், வருடத்தில் சில மாதமே வேலை நடந்திருந்தாலும் ஓய்வூதியக் கணக்கில் அது முழு வருடமாக எடுக்கப்படும். இது தெரியாமல் "எனக்குப் பத்து வருஷம் வராது" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பழைய கூலிச் சீட்டு, பிஎஃப் எண், ஈஎஸ்ஐ அட்டை, எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் பிஎஃப் அலுவலகத்தில் ஓய்வூதியத்துக்கான 10டி படிவம் கொடுங்கள். ஒரே ஆள் மூன்று ஆலையில் வேலை செய்திருந்தால் மூன்று எண் இருக்கும், சேர்க்கச் சொல்ல வேண்டும். ஈஎஸ்ஐயில் ஐந்து வருடமாவது இருந்து வயது காரணமாக ஓய்வு பெற்றவர் வருடம் 120 ரூபாய் கட்டி மருத்துவ வசதியைத் தொடரலாம், ஆலையிலிருந்து அதற்கான கடிதம் வேண்டும்.

பிஎஃப் பென்ஷன் வந்தால் ஓஏபி மனுவில் மறைக்காதீர்கள். ஆதாரில் எல்லாம் தெரியும்.

பனைமரத்தடி

இவ்வளவு அலைவதற்குப் பதில் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் எல்லாவற்றையும் ஒரே மனுவாகக் கொடுத்தால் அவர்களே பிரித்து அனுப்பிவிடுவார்களே?

கிராமக்கணக்கு

அனுப்புவார்கள். ஆனால் ஒரே மனுவில் ஐந்து கோரிக்கை என்றால் முதல் கோரிக்கையைப் பார்த்து ஏதாவது ஒரு பிரிவுக்குப் போகும், அவர்கள் தங்கள் பங்குக்குப் பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார்கள். மற்ற நாலும் அதோடு போச்சு. திங்கள்கிழமை மனுவை நேர்வழியில் கேட்டு நின்றுபோனதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை, பழைய விண்ணப்ப எண்ணும் தேதியும் மேலே, தள்ளுபடி உத்தரவின் நகல் பின்னால். ரசீது வாங்காமல் வராதீர்கள். முதல்வரின் முகவரி 1100 எண்ணுக்கும் இதே முறைதான்.

மேல்புறத்துக்காரி, உங்கள் பழைய ஓஏபி மனுவின் எண் இருக்கிறதா? இல்லையென்றால் போட்ட இசேவை மையத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து எடுங்கள். புது மனுவோடு மாறின ரேஷன் கார்டு நகலையும், பத்திர நகலையும் வையுங்கள். விசாரணைக்கு வருகிற அன்று அம்மா வீட்டில் இருக்க வேண்டும். ஆசாரிபள்ளத்தில் படுத்திருக்கும் நேரத்தில் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு "முகவரியில் இல்லை" என்று எழுதிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சேர்ந்திருந்தால் விஏஓவுக்கு முன்னாலேயே சொல்லி, அட்மிஷன் சீட்டின் நகலைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

மேல்புறத்துக்காரி

எண் இருக்கு, பத்திரம் மகன் கையில. நகல் எங்க எடுக்க?

குமாஸ்தா_தக்கலை

பதிந்த சார்பதிவாளர் அலுவலகத்தில். பத்திர எண்ணும் வருடமும் தெரியாவிட்டால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போடுங்கள், அதில் இரண்டும் இருக்கும். அதைக் காட்டிச் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தால் போதும், மகன் கையெழுத்து வேண்டாம்.